எந்த மலைப் புளியாரை

பங்களா ரோட்டில் இறங்கிக்கொண்டிருந்தோம். அக்கா முன்னால், நான் பத்தடி பின்னால். கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் மட்டுமே பெட்டியிலிருந்து எடுக்கும் ஊதாச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கொழுந்து பறிக்கப் போகும் அதே வேகத்தில் நடந்தாள். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு அப்போது நாற்பத்தொரு வயது. அதற்கு முன் எத்தனையோ வேலைகளை விட்டு நடந்திருக்கிறேன். எல்லாம் தனியாக நடந்தவை. ஒருத்தியின் முதுகைப் பார்த்துக்கொண்டு நடந்தது அன்றைக்குத்தான்.

ஏழாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. கொழும்பில் சாப்பாட்டுக் கடை, மொனராகலையில் கரும்பு வெட்டு, பண்டாரவளையில் மரக்கறி லொறி என்று சுற்றினேன். சில இடங்களில் சம்பளம் வரவில்லை. சில இடங்களில் எல்லாம் ஒழுங்காக இருந்தும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒவ்வொரு தடவையும் தெமோதரை ஸ்டேஷனில் இறங்கி, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் இருந்த அக்காவிடம் நடப்பேன். அவள் முதலில் சோறு போடுவாள். கை கழுவிய பிறகுதான் கேட்பாள்: "இந்தத் தடவ என்ன?" நான் ஏதாவது சொல்வேன். அவள் கேட்டுக்கொள்வாள், நம்பமாட்டாள்.

அந்த வருஷம் வந்தபோது, மேட்டிலிருந்த பழைய பங்களாவைக் குத்தகைக்கு எடுத்து டென்மார்க்கிலிருந்து வந்த ஓர் அம்மா உணவகம் நடத்திக்கொண்டிருந்தார். தோட்டத்தில் எல்லோருக்கும் அவர் தொரசாணி. மொத்தம் ஆறு மேசைகள். கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வேனில் வந்து சாப்பிட்டுப் போவார்கள். தன் ஊரில் செய்கிற மாதிரியே, அந்தந்தக் காலத்தில் சுற்றுவட்டாரத்தில் கிடைப்பதை மட்டும்தான் சமைப்பேன் என்பது அவருடைய பிடிவாதம். வெட்டிப்போட்ட தேயிலைக் கவாத்துக் குச்சியில் புகையூட்டிய குளத்து மீன், மானாப் புல்லுக்குள் வைத்துச் சுட்ட வெலிமடை உருளைக்கிழங்கு, மரத்தக்காளி. காலையில் மலையோரம் சுற்றி, தின்னக்கூடியதைப் பறித்து வருவது என் வேலை. கூலிக்குச் சுற்றுவது எனக்குப் பிடித்துப்போயிற்று.

முதல் வாரத்திலேயே புளியாரை கொண்டுபோனேன். தேயிலைக்கு அடியில் முளைக்கும் களை அது. மூன்று இலை, நாக்கில் வைத்தால் புளிப்பு. தொரசாணி ஒன்றை மென்று பார்த்துவிட்டுச் சிரித்தார். தன் ஊர்க் காட்டிலும் இதேபோல ஒன்று உண்டு, பள்ளிக்கூடம் போகும் வழியில் தின்போம் என்றார். அவருக்கும் எனக்கும் பாதிப் பாதி மொழிதான். அது போதுமானதாக இருந்தது. மூன்று மாதம் போனதும், மாதக் கடைசியில் வேலையை நிரந்தரமாக்கிக் கடிதம் தருகிறேன், பங்களாவுக்குப் பின்னால் அறையும் உண்டு என்றார். அக்கா அதை லயம் முழுக்கச் சொல்லிவிட்டாள்.

மாதத்தின் கடைசி வியாழக்கிழமை மத்தியானம், வேலைக்காரர்களில் ஒருவர் தன் சொந்தக்காரர் ஒருவரோடு உட்கார்ந்து முழுச் சாப்பாடும் சாப்பிட வேண்டும். எதைப் பரிமாறுகிறோம் என்று தெரிய வேண்டாமா என்பார் தொரசாணி. அந்த மாதம் என் முறை. ஜன்னலோர மேசையில் அக்கா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். கறுப்புத் தட்டில் ஒரு துண்டு மீன் வந்தது.

"சாமிக்குப் படைக்கிற மாதிரியில்ல வைக்கிறாங்க," என்றாள். "சோறு எப்படா வரும்?"

"சோறு வராதுக்கா."

"அப்ப இந்த வெள்ளக்காரங்க வீட்டுக்குப் போயித்தான் திம்பாங்களா?"

அடக்க முடியாமல் சிரித்தோம். உருளைக்கிழங்கு அவளுக்குப் பிடித்தது. "இது நம்ம அடுப்புல சுடுறதுதான். என்ன, இங்க சட்டையெல்லாம் போட்டு வருது," என்றாள். மூன்றாவதாகக் கட்டித் தயிரின் மேல் பச்சைப் புளியாரை தூவி வந்தது. ஓர் இலையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டே கேட்டாள்: "இது எந்த மலையில புடுங்குன?"

தேயிலைப் பகுதிகளை மலை என்போம். ஒவ்வொன்றுக்கும் நம்பர் உண்டு. லயத்தில் யார் கீரை கொண்டுவந்தாலும், நல்லா இருக்கா என்று கேட்பதற்கு முன்னால் எந்த மலை என்று கேட்பார்கள். அது எனக்குத் தெரியாததல்ல. வெளியே சுற்றியதில் விட்டுப்போயிருந்தது.

"பதினொன்னு. மேல் ரோட்டுக்குக் கீழ."

அக்கா இலையைத் துணியில் துப்பினாள். குரலை உயர்த்தவில்லை. "அங்க முந்தாநாள் களைக்கு மருந்து அடிச்சாங்கடா. பெரட்டுல சொன்னாங்களே."

காலையில் ஆள் பிரித்து வேலை சொல்லும் பெரட்டுக்கு நான் போவதில்லை. நான் தோட்டத்து ஆள் இல்லையே. மருந்து பட்ட களை இரண்டு நாளில் வாடுவதுமில்லை. பறிக்கும்போது பச்சைப் பசேலென்று இருந்தது.

மற்ற மேசைகளைப் பார்த்தேன். இரண்டில் அதே தட்டு போயிருந்தது. ஒரு மேசையில் ஒரு சின்னப் பிள்ளை தயிரை மட்டும் வழித்துக்கொண்டிருந்தது. சும்மா இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை, மறுநாள் கடிதம் கைக்கு வரும் என்றும் தோன்றியது. அப்படித் தோன்றியதை நான் மறைக்கவில்லை. அந்தக் கடிதத்துக்காகக் கோயிலில் நேர்ந்துகொண்டிருந்தவள் எனக்கு எதிரில் இருந்தாள். அவள் சொன்னாள்: "நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

எழுந்து போய்ச் சொன்னேன். தொரசாணி முதலில் அந்தப் பிள்ளையின் தட்டை எடுத்தார். பிறகு மேசை மேசையாகப் போய், நடந்ததை நடந்தபடி சொன்னார். சாப்பிட்டவர்களைத் தன் வேனில் பதுளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். எல்லோருக்கும் ஒன்றுமில்லை என்று ஒரு மணி நேரத்தில் செய்தி வந்தது. அக்காவையும் ஏறச் சொன்னார்கள். அவள் மாட்டேன் என்றுவிட்டாள். "வருஷம் பூரா அதுலதான் நிக்கிறோம். ஒரு எலைக்கு ஆஸ்பத்திரியா?"

பிறகு தொரசாணி என்னிடம் ஒரே கேள்வி கேட்டார்: உனக்கு ஏன் தெரியவில்லை? மூன்று மாதம் அந்த மலைகளில் நடந்தேன், மருந்து அடிப்பவர்கள் எதிரே வந்தார்கள், ஒரு நாளும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. போன எந்த ஊரிலும் அப்படித்தான். வேண்டியதை எடுத்துக்கொள்வேன், கிளம்பிவிடுவேன். இன்றைக்கு அக்காவும் நானும் ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீட்டில் இருக்கிறோம். அந்தக் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் இன்னும் கிடைக்கவில்லை.

கடிதம் இப்போது இல்லை, வேண்டுமானால் தட்டுக் கழுவு என்றார். நான் ஏப்ரனைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே வந்தேன். அதற்குத்தான் அக்கா அப்படி நடந்தாள். ரோட்டின் கடைசி வளைவில் நின்று, முகத்தைத் திருப்பாமலே சொன்னாள்: "அவங்க உன்னப் போகச் சொல்லல. நீயாத்தான் கெளம்புன. எப்பவும் மாதிரி."

மறுநாள் காலை அவள் கிளம்பியபோது நானும் கூடப் போய்ப் பெரட்டுக் களத்தில் நின்றேன். கங்காணி என்னை மேலும் கீழும் பார்த்தார். "என்ன மாப்ள, பங்களாச் சாப்பாடு ஒத்துக்கலயா?" பெண்கள் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. மருந்து அடிக்கிற கூட்டத்துக்குத் தண்ணீர் தூக்க ஆள் குறைந்தது. நான் வருகிறேன் என்றேன். பதினாலாம் நம்பர் என்றார்.

மலைக்கு ஏறும் முன் குறுக்குப் பாதையில் பங்களாவின் பின்பக்கம் போனேன். தொரசாணிதான் கதவைத் திறந்தார். "இன்னைக்கு பதினாலு," என்றேன், கையாலும் காட்டினேன். அவர் அந்த நம்பரை மெதுவாகத் திருப்பிச் சொன்னார். பிறகு, நாளைக்கு என்று கேட்டார்.

"நாளைக்கும் வந்து சொல்றேன்," என்று சொல்லிவிட்டு, களத்தில் தந்திருந்த தண்ணீர்க் கேன்கள் இரண்டையும் எடுத்துக்கொண்டு ஓடைக்கு இறங்கினேன்.