குண்டூசி குத்திய கடைசி அத்தியாயங்கள்

எழுத்தாளர் போய்ச் சேர்ந்த பிறகு, அவர் வாங்கிச் சேர்த்த நாவல்களையெல்லாம் தெருமுனை நூலகத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று அவர் மனைவி முடிவு செய்தாள். ஒரே ஒரு நிபந்தனை: அலமாரியில் அவர் பெயர் இருக்க வேண்டும். அவர் இருந்தவரை, "மனுஷி கால் நீட்ட இடமில்லை, எல்லாத்தையும் எடைக்குப் போட்டுத் தொலைங்க" என்று கரித்துக் கொட்டியவள்தான். இப்போது ஒவ்வொன்றையும் துடைத்துத் துடைத்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு வந்திருந்தாள்.

நூலகர் கறாரான ஆசாமி. முதல் நாவலைப் பிரித்தார். கடைசி அத்தியாயத்தை மொத்தமாகச் சேர்த்துக் குண்டூசி குத்தியிருந்தது. அடுத்ததிலும் அதே கதை. ஒன்றுகூடத் தப்பவில்லை.

"என்னம்மா இது? சார் எதையுமே கடைசி வரைக்கும் படிச்சதில்லை போலிருக்கே?"

"படிக்க மாட்டார்."

"அப்படிப்பட்டவர் பேரை அலமாரியில எழுதினா நாலு பேர் சிரிக்க மாட்டாங்களா?"

வந்ததே அவளுக்குக் கோபம்!

"யாரைப் பார்த்து சார் சிரிப்பாங்க? வாரா வாரம் தொடர்கதை எழுதினவர் அவர். அடுத்தவங்க முடிவு மனசுல ஒட்டிக்கிட்டா, தன்னை அறியாம தன் கதைக்குள்ள வந்துடுமோன்னு பயம். புத்தகம் வாங்கின கையோட என்னைக் கூப்பிட்டு ஊசி குத்தச் சொல்வார். மிச்சத்தை வரி விடாம படிப்பார். அவர் கதையை எழுதி முடிச்சதும், நான் ஊசியை எடுத்துப் படிச்சுப் பார்த்து, மறுபடி குத்தி வெச்சுட்டு, 'இது வேற மாதிரி இருக்கு, தைரியமா அனுப்புங்க'ன்னு சொல்லணும். ஒரு தடவை அப்படியே ஒத்துப்போச்சு. எழுதினதைக் கிழிச்சுப் போட்டுட்டார். 'யாருக்குத் தெரியப்போகுது, நான் வாயே திறக்க மாட்டேன்'னேன். 'உனக்குத் தெரியுமே'ன்னார்."

நூலகர் கையிலிருந்த புத்தகத்தை மெதுவாக மூடினார். அந்த வீட்டில் இருந்த கதைகளில் எழுத்தாளருக்குத் தலை தெரியும், இவளுக்கு வால் தெரியும். இரண்டு பேரும் சேர்ந்தால்தான் ஒரு முழு வாசகர்.

"பேரை எழுதிடலாம்மா" என்றார் நூலகர், குரலை இறக்கி. "ஆனா ஊசியை எடுத்துடணும். படிக்கிறவங்க கையில குத்தும்."

அவளே உட்கார்ந்து ஒவ்வொன்றாக உருவினாள். கடைசிப் புத்தகம் வந்ததும் கை நின்றுவிட்டது. ஆஸ்பத்திரியில் அவர் படித்துக்கொண்டிருந்த நாவல் அது. அதன் முடிவு அவளுக்கும் தெரியாது.

"ஊசியை எடுத்துட்டு முடிவைப் படிச்சுக் காட்டேன். இனிமே நான் என்ன எழுதப் போறேன்?" என்று அன்று கேட்டார்.

"வாயைக் கழுவுங்க! முதல்ல வீட்டுக்கு வந்து உங்க கதையை முடிங்க" என்று அதட்டிவிட்டாள். படித்துக் காட்டினால் அவர் போய்விடுவார் என்று பயம். அவர் சிரித்துவிட்டுப் புத்தகத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். வீட்டுக்கு வரவே இல்லை. பாவி, ஆசையாகக் கேட்டதைச் செய்யாமல் போனேனே என்று தன்னையே நொந்துகொண்டாள்.

ஊசி துருப்பிடித்திருந்தது. மெல்ல உருவி மேசைமேல் வைத்தாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, 'அமைதி காக்கவும்' என்ற பலகைக்குக் கீழே உட்கார்ந்து, அந்த அத்தியாயத்தை வாய்விட்டு, நிறுத்தி நிதானமாகப் படிக்க ஆரம்பித்தாள்.

பத்திரிகை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நூலகர் எழுந்தார். வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து, அவளுக்கு எதிரில் உட்கார்ந்துகொண்டார்.