எனக்கு முப்பத்தைந்து வயது இல்லையாம்!

இன்று காலை டாக்டர் அறையில் எனக்கு இரண்டு வயது குறைந்துவிட்டது!

(க்ரீம் எதுவும் போடவில்லை. பெயர் கேட்டு மெசேஜ் அனுப்பாதீர்கள்.)

விஷயம் இதுதான். கல்யாணமாகி ஏழு வருடம் கழித்து, இப்போது நான்கு மாதம்.

கொடைக்கானல் டாக்டரம்மா ஒரு ரத்தப் பரிசோதனை எழுதினார். குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்க வாய்ப்பு எவ்வளவு என்று கணக்குப் போட்டுச் சொல்லும் டெஸ்ட். ரத்தம் மட்டும் பஸ் ஏறி மதுரை லேபுக்குப் போனது. (நான் போயிருந்தால் மலைப்பாதை முழுக்க வாந்திதான்.)

திங்கட்கிழமை ரிசல்ட் வந்தது. ஹை ரிஸ்க்!

"பயந்துராதீங்க, இது முடிவு இல்ல. கோட்டுக்குக் கொஞ்சம் மேல நிக்குது, அவ்வளவுதான். உறுதியாத் தெரியணும்னா மதுரையில வயித்துல ஊசி போட்டு நீர் எடுத்துப் பாக்கணும். அதுல கரு கலையிற ஆபத்தும் கொஞ்சம் இருக்கு. ரெண்டு பேரும் யோசிச்சுச் சொல்லுங்க" என்றார் டாக்டரம்மா.

'கலையிற' என்பதற்குப் பிறகு எனக்கு எதுவும் காதில் விழவில்லை. ஏழு வருடம் காத்திருந்து வந்த பிள்ளை.

என் கணவர் ஜான்சன் டாக்சி ஓட்டுகிறவர், வளைவில்கூட வேகம் குறைக்காத ஆள். நாயுடுபுரம் வீடு வரைக்கும் இரண்டாவது கியரிலேயே ஓட்டினார்.

மேல்மலையில் பூண்டி கிராமத்தில் இருக்கும் அப்பாவுக்குப் போன் போட்டேன். இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் இருந்துவிட்டு, குடும்பத்தோடு கப்பலேறி வந்து, பூண்டியில் கேரட் காட்டில் கூலிக்கு நின்றவர் அப்பா.

"அழாத தாயி. எத வச்சு அப்படிச் சொல்றாங்களாம்?"

"ரத்தத்தையும் வயசையும் வச்சுக் கணக்குப் போடுவாங்களாம்ப்பா. முப்பத்தஞ்சு ஆயிருச்சுல்ல."

சிக்னல் போய்விட்டது என்று நினைத்து "ஹலோ, ஹலோ" என்று கத்தினேன்.

"லைன்லதான் இருக்கேன். தாயி... அது சர்டிபிகேட் வயசு."

"என்னது?!"

"ஒனக்கு முப்பத்தி மூணுதான்."

பின்னாலிருந்து அம்மாவின் குரல்: "கல்யாணத்தப்பவாவது சொல்லித் தொலைங்கன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேனே, கேட்டீகளா?"

இலங்கைத் தோட்டத்தில் பிள்ளைக்காம்பரா என்று ஒன்று உண்டாம். கொழுந்து பறிக்கப் போகும் அம்மாக்கள் பிள்ளைகளை அங்கே விட்டுப் போவார்கள், ஆயா பார்த்துக்கொள்வார். பூண்டியில் அது ஏது? இருவரும் காட்டுக்குப் போனால் என்னை யார் பார்ப்பது? மூன்று வயதுக்காரியைப் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிப் போய், "அஞ்சு முடிஞ்சிருச்சு சார்" என்று அப்பா அடித்துவிட்டிருக்கிறார்!

ஹெட்மாஸ்டர் நம்பாமல், கையைத் தலைக்கு மேல் போட்டு மறுபக்கக் காதைத் தொடச் சொல்லியிருக்கிறார். நான் தொட்டுவிட்டேன். (குரங்குக் கை. அம்மா வழி.)

மாட்டிக்கொண்டால் பள்ளியை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில் அப்படியே மறைத்து, என்னிடமும் மறைத்து, பிறகு சொல்லவே கூச்சமாகிவிட்டதாம்.

மறுநாள் வெள்ளனே முதல் பஸ்ஸில் அப்பா வந்து இறங்கினார். மஞ்சப்பையில் பைபிள். கடைசித் தாளில் அவர் கையெழுத்தில் என் பெயரும் நான் பிறந்த நாளும்.

நேராக டாக்டரம்மாவிடம் போய் அதைப் பிரித்துக் காட்டினார்.

"பொய் சொன்னது நானுங்க. புள்ளைக்கு எதுக்கு ஊசி? எனக்குப் போடுங்க."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "வயசு மாறினா கணக்கும் மாறும் ஐயா. ரத்தம்கூட மறுபடி எடுக்க வேண்டாம்" என்று சொல்லி, சரியான தேதியை லேபுக்கு ஃபேக்ஸ் அனுப்பினார்.

இரண்டு நாளும் நான் போனும் கையுமாகவே இருந்தேன். அப்பாவும் ஊர் திரும்பவில்லை.

இன்று காலை பதில் வந்தது. கோட்டுக்குக் கீழே! லோ ரிஸ்க்! ஊசி வேண்டாம்!

"ஆனா ஒண்ணு, இது கேரண்டி இல்ல. வாய்ப்பு கம்மின்னுதான் அர்த்தம்" என்றார் டாக்டரம்மா.

அப்பா எழுந்து நின்றுவிட்டார். "கேரண்டி யாருக்குங்க இருக்கு? எப்படிப் பிள்ள வந்தாலும் எங்க பிள்ளதான். இவளத்தான் பாக்க ஆளில்லாம மூணு வயசுல பள்ளிக்கூடத்துல தள்ளிட்டேன். வரப்போற பிள்ள எங்கிட்ட இருக்கட்டும், அதப் பாக்குறதத் தவிர எனக்கு என்ன சோலி?"

நான் அழுதேன். ஜான்சனும் அழுதார். டாக்டரம்மா மட்டும் அழவில்லை (அடுத்த டோக்கன் காத்திருந்தது).

இன்னொரு விஷயம். ஜான்சனுக்கு வயது முப்பத்து நான்கு. மகன் தன்னைவிட மூத்தவளைக் கட்டிவிட்டான் என்று ஏழு வருடமாக என் மாமியாருக்குக் குறை. வெளியே வந்ததும் ஜான்சன் முதல் போன் அவருக்குத்தான் போட்டார்.

"எம்மா! நாந்தாம்மா மூத்தவன்!"

நண்பர்களே, உங்களுக்கும் டாக்டர் இந்த டெஸ்ட் எழுதினால், வயதுக்குச் சர்டிபிகேட்டை நீட்டாதீர்கள். முதலில் வீட்டுக்குப் போன் போட்டு விசாரியுங்கள்.

உண்மையைச் சொல்லுங்கள், சர்டிபிகேட்டில் ஜூன் என்று இருக்கிறவர்களில் எத்தனை பேர் நிஜமாகவே ஜூன் மாதம் பிறந்தவர்கள்?