தோல் கோட்டு ஊருக்கு வந்த தீபாவளி

போன மாதம் சின்ன மாமாவின் மகளுக்குக் குளிர்கோட்டு வாங்கப் பதுளைக் கடைவீதியில் அலைந்தோம். அவள் பல்கலைக்கழகத்துக்குப் போகிறாள். மாமா ஒவ்வொரு கோட்டாக எடுத்துத் தோள்பட்டைத் தையலை இரண்டு கையாலும் இழுத்து இழுத்துப் பார்த்தார். கடைக்கார நானாவின் முகம் சுருங்கத் தொடங்கியது.

"ஒருத்தி மட்டுந்தானே மாமா போடப் போறா. தாங்கும்," என்றேன்.

நானாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மாமா மட்டும் கடை அதிரச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்குக் காரணம் சொல்ல வேண்டுமென்றால், எனக்குப் பதின்மூன்று வயதானபோது என் வயிறு செய்த ஒரு மகத்தான காரியத்தைச் சொல்ல வேண்டும்.

அப்போது நாங்கள் லுணுகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளின் தொங்கலில் இருக்கும் கடைசிக் காம்பராவில் இருந்தோம். சின்ன மாமா அம்மாவின் தம்பி. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டுக் கொழும்பில் ஒரு இரும்புக்கடைக்கு வேலைக்குப் போனவர். தீபாவளிக்குத்தான் வருவார். வந்தால் கறுப்புத் தோல் கோட்டு, கறுப்புக் கண்ணாடி, மணிக்கட்டில் தங்க நிறத்தில் கடிகாரம். லயத்து நாய்கள்கூட அவரைப் பார்த்துக் குரைக்காது. தோட்டத்துத் தொரை என்று நினைத்திருக்கும்.

இந்தப் பக்கம் எங்கள் கணக்கு வாத்தியார். உயர்தரம் வரை படித்தவர். நியமனம் இந்தா வருகிறது, அந்தா வருகிறது என்று சம்பளமில்லாத தொண்டராகவே படிப்பித்துக்கொண்டிருந்தார். அவருடைய செருப்பு வாரில் ஒரு ஊக்கு குத்தியிருக்கும்.

இந்த இரண்டையும் வைத்து நான் ஒரு கணக்குப் போட்டேன். ஏழு வகுப்புக்குத் தோல் கோட்டு. பன்னிரண்டு வகுப்புக்கு ஊக்கு. அப்படியானால் எட்டாம் வகுப்பில் இருக்கும் நான் ஏற்கனவே ஒரு வகுப்பு அதிகமாகப் படித்துத் தொலைத்துவிட்டேன்! இன்னும் ஒரு வருடம் போனால் செருப்பே மிஞ்சாதோ என்று என் செருப்பைக் குனிந்து பார்த்துக்கொண்டேன். (வாத்தியாருக்கு அடுத்த வருடம் நியமனம் வந்தது. இப்போது ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு பண்டாரவளையில் மாடி வீட்டில் இருக்கிறார். இதெல்லாம் என் கணக்கில் வரவில்லை.)

"நான் மாமாவோட கொழும்புக்குப் போறேன். இனிப் பள்ளிக்கூடம் வேணாம்," என்று அறிவித்தேன்.

அப்பா தேயிலை ஸ்டோரில் வேலை முடித்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். "போனாப் போகட்டும். இங்க இருந்தா இவனும் காலங்காத்தால பெரட்டுக்கு வரிசையில போயி, இன்னிக்கு எந்த மலையில வேலைன்னு கேட்டுக்கிட்டுத்தான் நிக்கணும்," என்றார்.

"பத்தாவது முடியட்டுமே அக்கா. இப்ப என்ன அவசரம்?" என்றார் மாமா.

"நீ மட்டும் பத்தாவது படிச்சா கிழிச்ச? தொரை மாதிரிதானே இருக்க?" என்றாள் அம்மா.

மாமா கோட்டுக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

அன்று மாலையே என் புத்தகப் பையையும் கொம்பாஸ் பெட்டியையும் பக்கத்துக் காம்பராப் பையனுக்குத் தானம் செய்தேன். "நல்லாப் படிடா," என்று ஆசியும் வழங்கினேன். என்னைவிட ஒரு வயது மூத்தவன் அவன்.

புறப்படும் காலையில் அம்மா ரொட்டியும் சம்பலும் கட்டிக் கொடுத்தாள். திருநீறு பூசினாள். அதில் பாதி என் கண்ணுக்குள் போனது. பஸ் பசறையைத் தாண்டும்வரை நான் வீரனாகத்தான் இருந்தேன்.

பதுளை ஸ்டேசனில் கொழும்பிலிருந்து வந்த ரயில் பனியோடு நின்றுகொண்டிருந்தது. அதிலிருந்து ஒருவர் மெல்லிய சட்டையோடு, கைகளைக் கக்கத்தில் செருகிக்கொண்டு குதித்தார். மாமாவோடு கடையில் வேலை செய்பவர், அவரும் லுணுகலைப் பக்கம்தான் என்று மாமா சொன்னார். எல்லாரையும் ஒரே நேரத்தில் லீவில் விட்டால் கடை என்னாவது? மாமா திரும்பும் நாளில் இவருக்கு முறை.

"கொண்டா மச்சான், குளிருல செத்துட்டேன்!"

மாமா தோல் கோட்டைக் கழற்றிக் கொடுத்தார். கண்ணாடியைக் கொடுத்தார். கடிகாரத்தையும் கொடுத்தார். ஒரு நொடியில் அந்த ஆள் மாமா ஆனார். மாமா யாரோ ஆனார். கோட்டுக்குள் இருந்த சட்டையில் தோள்பட்டை முழுக்க ஒட்டுத்துணி. கழுத்தோரத்தில் தோல் கறுத்துத் தடித்திருந்தது. கொழும்பில் வெயில் அதிகம்போல என்று நினைத்துக்கொண்டேன்.

மாமா என்னைப் பார்த்தார். பிறகு மேடையில் அடுக்கியிருந்த உருளைக்கிழங்கு மூட்டைகளைப் பார்த்தார்.

"மருமகனே, மொத நாளு மொதலாளி ஒரு மூட்டையத் தூக்கச் சொல்லுவாரு. சும்மா இதத் தூக்கிப் பாரு."

"நான் மேசைக்குப் பின்னால நிக்கிற வேலைக்குத்தானே மாமா வாறேன்?"

"மேசைக்குப் பின்னால இருக்கிறவரு உயர்தரம் படிச்சவரு. அவரு தூக்க மாட்டாரு. அவருக்குத்தான் எங்களவிடச் சம்பளமும் கூட."

இதில் என் காதில் ஏறியது மூட்டை மட்டும்தான். மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கினேன். மூட்டை அசையவில்லை. அதற்குப் பதிலாக என் வயிறு அசைந்தது. மாமா ஒரு கையைக் கொடுத்து அதே மூட்டையைத் தோளில் ஏற்றி, நான்கு எட்டு நடந்து, இறக்கி வைத்தார். மூட்டை அந்த ஒட்டுத்துணியின்மேல் அளவெடுத்ததுபோல உட்கார்ந்தது. அதற்குள் நான் கக்கூசைத் தேடி ஓடியிருந்தேன்.

போனேன், வந்தேன், மறுபடி போனேன். விசில் சத்தம் கேட்டது.

"மாமா, ரயில் போயிருச்சா?" உள்ளே இருந்து கத்தினேன்.

"இன்னும் இல்லடா! வெளிய வா!"

"போகச் சொல்லுங்க மாமா!"

வெளியே இரண்டு பேர் சிரிப்பது கேட்டது. பிறகு மாமாவின் குரல் கதவுக்குப் பக்கத்தில் வந்தது. "படிச்சு முடிச்சுட்டு வா மருமகனே. மேசைக்குப் பின்னால இடம் புடிச்சு வைக்கிறேன்." அப்புறம் ஓடுகிற காலடிச் சத்தம்.

கல்விக்காக எத்தனையோ பேர் எவ்வளவோ செய்திருக்கிறார்கள். இன்று பதுளையில் ஒரு கந்தோரில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து கணக்குப் பார்க்கும் நான், அன்று அதற்காகக் கக்கூசுக்குள் ஒளிந்திருந்தேன்.

புதுக் கோட்டுக்காரர்தான் என்னைப் பஸ்ஸில் வீட்டுக்குக் கூட்டிப்போனார். வழியில் கேட்டேன், "இத எப்பண்ணே மாமாகிட்டத் திருப்பிக் குடுப்பீங்க?"

"ஒங்க மாமன் அடுத்த தீபாவளிக்கு ஊருக்கு வாறப்போ. கடையில நாங்க நாலு பேரு சேந்து வாங்கினது தம்பி. ஊருக்குப் போறவன் போட்டுக்குவான்."

"அப்ப வாட்ச்சு?"

"அது ஓடாது," என்று சொல்லிவிட்டு மணி பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும், வயிற்றுக் கதையை அமுக்கிவிட்டுக் கோட்டுக் கதையை அம்மாவிடம் வியந்து வியந்து சொன்னேன். நாலு பேருக்கு ஒரே கோட்டு! கொழும்பில் எவ்வளவு ஒற்றுமை!

அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "ஒம் மாமன் உள்ள என்ன சட்ட போட்டிருந்தான்?"

சொன்னேன். ஒட்டுத்துணி, கழுத்து, மூட்டை எல்லாவற்றையும் சொன்னேன்.

அம்மா எழுந்து பக்கத்துக் காம்பராவுக்குப் போய், நான் தானம் செய்த பையையும் கொம்பாஸ் பெட்டியையும் திருப்பி வாங்கிக்கொண்டு வந்தாள். எனக்கு மானம் போயிற்று. மாமா கட்டியிருந்த கடிகாரம்வரை கழற்றிக் கொடுக்கிறார். இந்த அம்மா, கொடுத்த பொருளைப் போய்க் கேட்டு வாங்குகிறாளே! இவ்வளவு கஞ்சத்தனம் இவளுக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்கு விளங்கவே இல்லை.

பெட்டியைத் திறந்து பார்த்தாள். பென்சிலைக் காணோம் என்று மறுபடியும் கிளம்பினாள். நான் கம்பளியை இழுத்துத் தலைவரை மூடிக்கொண்டேன்.