சீனியம்மாளின் பச்சை முளை

சீனியம்மாளின் அப்பா பேயாண்டி, மதுரையில் ஒரு மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் தோட்டக்காரர். கோச்சடையிலிருந்து வைகைக் கரையோடு நடந்தே வேலைக்குப் போவார். தோட்டக்காரர் மகளென்று சீனியம்மாளைப் படிப்புச் சம்பளம் வாங்காமல் சேர்த்துக்கொண்டார்கள். எட்டாவது வரை படித்தாள். படித்ததில் பூகோளம் போயிற்று, சரித்திரம் போயிற்று, ஒரே ஒரு பாடம் மட்டும் மனசில் ஒட்டிக்கொண்டது. பிற்பாடு அவள் குடியைக் கெடுத்ததும் அந்தப் பாடம்தான்.

ஆனிமேரி டீச்சர் இரண்டு கண்ணாடித் தம்ளர்களில் நனைத்த பஞ்சை வைத்து மொச்சை போட்டார். ஒன்றைச் சன்னலில் வைத்தார், இன்னொன்றை அலமாரிக்குள் பூட்டினார். எட்டாம் நாள் பார்த்தால் சன்னல் முளை சாண் உயரம்கூட இல்லை, அலமாரி முளை முழ நீளத்துக்கு வெளுத்துப்போய் நின்றது. எது நன்றாக வளர்ந்திருக்கிறது என்று கேட்டார். வகுப்பே அலமாரி முளையைக் காட்டியது, சீனியம்மாளும் சேர்ந்துதான். அது வளரவில்லை, வெளிச்சத்தைத் தேடி நீண்டிருக்கிறது, அவ்வளவுதான் என்றார் டீச்சர். விதைக்குள் தாய்ச்செடி வைத்தனுப்பிய கட்டுச்சோற்றைத் தின்று தீர்த்துவிட்டது. இலையில் பச்சையம் இல்லாததால் இனி தானாகச் சமைத்துச் சாப்பிட அதற்கு வழியில்லை. சொன்னபடியே நாலைந்து நாளில் அது சாய்ந்து செத்தது. சீனியம்மாள் ஒரு பொழுது முழுக்கச் சாப்பிடாமல் இருந்தாள்.

பதினேழு வயதில் அவளைக் கீழக்குயில்குடியில் கருத்தக்கண்ணனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். மலையடிவாரத்தில் கண்மாய்த் தண்ணீர் பாயும் கொஞ்சம் வயல், இரண்டு மாடு, ஒரு மாமியார். கருத்தக்கண்ணன் கெட்டவன் இல்லை. அம்மா கிழித்த கோட்டைத் தாண்டமாட்டான். அதற்குக் கெட்டவனாகவே இருந்து தொலைத்திருக்கலாம். ஐந்து வருஷம் ஓடியும் பிள்ளை இல்லை. தன் தம்பி மகள் ரெங்கம்மாளை மகனுக்கு இரண்டாந்தாரமாகக் கட்டிவைக்கும் பேச்சை மாமியார் மாயக்காள் எடுத்துவிட்டாள்.

1939 புரட்டாசியில், அம்மன் கோயிலில் திருவிழா சாட்டியதும் மாயக்காள் சொந்தக்காரர்களை வைத்துக்கொண்டு ஒரு முடிவு சொன்னாள்.

"இந்த வருசம் நீ நேர்ந்துக்கிட்டு முளைப்பாரி போடு. முளை நல்லா வந்துச்சுன்னா ஆத்தா கண்ணத் தொறந்துட்டான்னு அர்த்தம், நான் இன்னும் ரெண்டு வருசம் பொறுத்துக்கிறேன். வரலேன்னா நீ வாயத் தொறக்கக் கூடாது."

"சரிங்கத்தை" என்றாள் சீனியம்மாள். வேறு என்ன சொல்வாள்?

வாயகன்ற சட்டியில் வைக்கோலும் எருத்தூளும் பரப்பி, ஊறவைத்த பயறு வகைகளை நெருக்கமாக விதைத்து, சன்னலில்லாத இருட்டறையில் வைத்து வளர்ப்பதுதான் முளைப்பாரி. விரதம் பிடிப்பவள் தவிர வேறு யாரும் அறைக்குள் போகக்கூடாது. எட்டாம் நாள் தலையில் சுமந்து கோயிலுக்குக் கொண்டுபோவார்கள், மறுநாள் கண்மாயில் கரைப்பார்கள். முளை எவ்வளவு உயரமோ, எவ்வளவு மஞ்சளோ அவ்வளவுக்கு அந்த வீடு தழைக்கும். ஆக, டீச்சரின் அலமாரிப் பாடத்தை ஊர் தலைகீழாக வைத்திருந்தது.

மூன்று நாள் ஒரு குறையும் இல்லை. நாலாம் நாள் காலையில் அறைக்குள் போனாள். சட்டியின் நடுவில் ஒரு கைப்பிடி முளை சாய்ந்து கிடந்தது. அடித்தண்டைத் தொட்டாள். கொழகொழவென்றிருந்தது, வெள்ளையாய்ப் பூசணம் பூத்திருந்தது. இப்படியே விட்டால் எட்டாம் நாள் வெறும் எருச்சட்டியைத்தான் தலையில் வைக்கவேண்டும்.

மாயக்காள் களையெடுக்க வயலுக்குப் போனதும் சட்டியைத் தூக்கி மாட்டுக்கொட்டத்துக்குப் பின்னால் வெயில் விழுகிற இடத்தில் வைத்தாள். பொழுது சாயுமுன் உள்ளே கொண்டுபோனாள். நாலு நாளும் அதே வேலை. பூசணம் காய்ந்தது. மிச்ச முளைகள் தண்டு தடித்து, இலை விரித்து, பசேலென்று நிமிர்ந்தன. ஆனால் அதற்கப்புறம் ஒரு விரற்கடைகூட உயரவில்லை. மஞ்சளைத்தான் பார்ப்பார்கள் என்று அவளுக்குத் தெரியாமலில்லை. வயலில் பச்சையைக் கண்டால் கையெடுத்துக் கும்பிடுகிற சனம்தானே, உயிரோடு நிற்பதைப் பார்த்துவிட்டா வேண்டாமென்று சொல்லும் என்று நினைத்தாள். படித்தவளுக்கு வருகிற அசட்டு நம்பிக்கை அது.

எட்டாம் நாள் கோயில் வாசலில் சட்டிகளை வரிசையாக இறக்கினார்கள். ஒவ்வொன்றும் பொன்னிறத்தில் முழ உயரம், சாயாமலிருக்க நடுவில் நூல் சுற்றியிருந்தது. அவற்றுக்கு நடுவில் சீனியம்மாளின் சட்டி, குட்டையாக, பச்சையாக. குலவைச் சத்தம் சட்டென்று நின்றது.

"இது முளைப்பாரியா, கீரைப்பாத்தியா?" என்றாள் பக்கத்து வீட்டு முனியாயி. நாலு பேர் சிரித்தார்கள்.

மாயக்காள் சிரிக்கவில்லை. "குன்னிப்போச்சு" என்று மட்டும் சொன்னாள்.

சீனியம்மாளுக்கு எங்கிருந்தோ தைரியம் வந்தது. "அத்தை, இதுதான் உசுரோட இருக்கு. மத்தத வயல்ல நட்டுப் பாருங்க, நாலு நாள் தாங்காது."

"நடுறதுக்கா முளைப்பாரி?" என்றாள் மாயக்காள். "கரைக்கிறதுக்கு."

மறுநாள் மற்றச் சட்டிகளோடு அந்தப் பச்சையும் கண்மாயில் கரைந்தது.

தை பிறந்ததும் ரெங்கம்மாள் மாலையும் கழுத்துமாக வந்து இறங்கினாள். சீனியம்மாளுக்கு வயிறு எரிந்தது. ஒரு வருஷம் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் இரண்டாவது வருஷம் மாயக்காள் ரெங்கம்மாளின் வயிற்றைப் பார்த்த பார்வை இவளுக்குத் தெரிந்த பார்வை. அதற்கப்புறம் எரிச்சலை யார்மேல் வைத்துக்கொள்வது என்று தெரியாமல் போய்விட்டது.

நாலாவது புரட்டாசியில் ரெங்கம்மாளை முளைப்பாரி போடச் சொன்னாள் மாயக்காள். அதே அறை, அதே கெடு. ஐந்தாம் நாள் ரெங்கம்மாள் அடுப்படிக்கு ஓடி வந்து குசுகுசுவென்று சொன்னாள்.

"அக்கா, முளை அழுகுது. நீ அன்னைக்கு வெயில்ல வச்சுக் காப்பாத்துனதாச் சொன்னேல்ல. நானும் எடுத்து வைக்கவா?"

ஊதுகுழலைக் கீழே வைத்தாள் சீனியம்மாள். அந்த வீட்டில் முதல் தடவையாக ஒருத்தி அவள் படித்த பாடத்தைக் கேட்டு வந்திருக்கிறாள்.

"வைக்காத" என்றாள். "தண்ணியக் குறைச்சுக்க. அழுகுனதப் பிடுங்கிட்டு அடியில சாம்பலத் தூவு. கதவ இறுக்கிச் சாத்து. அதுக்கு வெளிச்சம்னு ஒண்ணு இருக்கிறதே தெரியக்கூடாது."

சொன்னபடியே செய்தாள் ரெங்கம்மாள். எட்டாம் நாள் அவள் சட்டிதான் வரிசையிலேயே உயரம். மாயக்காள் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். முனியாயி குலவை போட்டாள், சீனியம்மாளும் கூடச் சேர்ந்து போட்டாள். போடும்போதே தன்மேல் அவளுக்கு வந்த வெறுப்பு சாகும்வரை போகவில்லை.

அதற்குப் பிறகும் இரண்டு வருஷம் போயிற்று. பிள்ளை இல்லை. மாயக்காள் மூன்றாவதாக ஒரு பெண்ணைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினாள். ஒருநாள் மத்தியானம் கருத்தக்கண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, ரெங்கம்மாள் தலையைக் குனிந்துகொண்டே கேட்டாள்.

"அத்தை, இந்த வருசம் மாமா பேருக்கு ஒரு முளைப்பாரி போட்டுப் பாப்பமா?"

"ஆம்பளைக்கு ஏதுடி முளைப்பாரி?" என்றாள் மாயக்காள்.

கருத்தக்கண்ணன் வட்டிலிலிருந்து தலையைத் தூக்கவில்லை. சீனியம்மாள் அவனுக்கு இன்னொரு அகப்பைச் சோறு வைத்தாள்.