மஞ்சப்பையில் போன கதிர்க்குருவி

பறவைக்குக் காலில் வளையம் போடுகிற எங்கள் வேலையில், பறவையைப் பிடிப்பது சுலபம். மனுஷர்களுக்கு விளக்கிச் சொல்வதற்குள்தான் தாவு தீர்ந்துவிடும். கல்யாண வீட்டுப் பந்தியில் "அது என்ன வேலை?" என்ற கேள்விக்கு விழித்தவர் நீங்களும் என்றால் என் கஷ்டம் புரியும். ஐப்பசி பிறந்தால் வடக்கே எங்கெங்கிருந்தோ குருவிகள் எங்கள் பக்கத்து ஏரிகளுக்கு வரும். மெல்லிய வலை கட்டிப் பிடித்து, எண் பொறித்த வளையத்தை மாட்டி, எடை பார்த்து விட்டுவிடுவோம். அதே குருவி வேறெங்காவது சிக்கினால் அது போகிற வழி தெரியும். அவ்வளவுதான் விஷயம்.

ஆட்டோக்காரரின் கவலை

செங்கம் ரோட்டில் இருக்கும் என் அறையிலிருந்து விடியற்காலையில் பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ பிடித்தேன். கையில் மூங்கில் கம்புகள், வலைச் சுருட்டு. ஓட்டுபவர் கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு வந்தார். சரி, கேட்பதற்கு முன்னால் நாமே சொல்லிவிடுவோம் என்று குருவி, வளையம், வலசை எல்லாவற்றையும் ஒரு மூச்சில் ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டார், பாவம். இறங்கும்போது கம்புகளை எடுத்துக் கொடுத்துவிட்டு, மெதுவாகக் கேட்டார்:

"படிச்ச பொண்ணு மாதிரி இருக்கீங்க, வேற வேலை எதுவும் கிடைக்கலையாம்மா?"

நயினார் போட்ட நிபந்தனை

கீழ்பென்னாத்தூர் பக்கத்து ஏரியில் வலை கட்டத் தோதான இடம் ஒன்றுதான்: கரையை ஒட்டிய கரும்புக் கொல்லை. அதன் சொந்தக்காரர் நயினார் ஐயா, அந்த ஊரில் தலைமுறை தலைமுறையாகப் பயிர் வைக்கும் ஜைனர். குடிக்கிற தண்ணீரில் இருக்கும் சின்ன உயிர்கூடச் சாகக் கூடாதென்று துணியில் வடிகட்டுகிற வீடு. அந்த வாசலில் வலையோடு போய் நின்றால் எப்படி இருக்கும், நீங்களே யோசியுங்கள். என் கூட வேலை பார்க்கும் பாஸ்கர் பேச வராமல், துடைத்த பைக்கையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தான்.

நயினார் கோபப்படவில்லை. முதல் நாள் எங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து, விட்ட ஒவ்வொரு குருவியும் எங்கே போய் உட்காருகிறது என்று எட்டி எட்டிப் பார்த்தார். வெயில் ஏறி நாங்கள் கிளம்பும்போதுதான் வாயைத் திறந்தார்:

"தாராளமா கட்டுங்க, ஆனா ஒரு உயிர் போச்சுன்னாலும் அன்னிக்கே சுருட்டிக்கினு போயிடணும்."

இட்லிப் பை

வலையில் சிக்கிய குருவியை, வளையம் போட்டு எடை பார்க்க முறை வரும்வரை துணிப்பைக்குள் வைத்துக் கயிற்றில் தொங்கவிடுவோம். இருட்டில் பேசாமல் கிடக்கும். எங்கள் பைகள் கிழிந்துபோனதால், பாஸ்கர் அவன் அக்கா கல்யாணத்தில் மிஞ்சிய தாம்பூலப் பைகளைக் கொண்டுவந்தான். மஞ்சப்பை. நயினாரின் மனைவி பத்மா அம்மா வாழையிலையில் கட்டி எங்களுக்கு இட்லி கொண்டுவருவதும் மஞ்சப்பையில்தான். சாப்பிட்டதும் வெறும் பையை அதே கயிற்றில் மாட்டுவோம், அவர் வந்து எடுத்துப்போவார். இனி நான் சொல்லவே வேண்டாம்.

அன்று அவர் போன பிறகு அடுத்த பையைப் பிரித்தேன். சட்னி வாசனை வந்தது. அப்படியென்றால் பத்மா அம்மா எடுத்துப்போனது குருவிப் பை. இமயமலையைத் தாண்டி வந்த கதிர்க்குருவி, ஒரு சமையல்கட்டு ஆணியில் தொங்கிச் சாகப்போகிறதே என்று அழுகையே வந்துவிட்டது. செத்தால் கொல்லையும் போச்சு, இந்த வருஷ வேலையும் அம்போ. வரப்பில் செருப்பைக்கூடப் போடாமல் ஓடினேன்.

வீடு நிசப்தமாக இருந்தது. நயினார் கூடத்துத் தரையில் உட்கார்ந்து, பேசாதே என்று கையைக் காட்டினார். துவைக்கலாம் என்று பத்மா அம்மா பையை உதறியதும் குருவி கிளம்பியிருக்கிறது. சுற்றிக்கொண்டிருந்த ஃபேனை நயினார் பாய்ந்து நிறுத்தியிருக்கிறார். இப்போது அது ஃபேன் இறக்கையில் உட்கார்ந்திருந்தது. அடுப்பை அணைத்து, ஜன்னலையெல்லாம் திறந்து, வேர்க்க வேர்க்க இருவரும் அசையாமல் காத்திருந்தார்கள். நானும் உட்கார்ந்தேன். ஒருவழியாக அது ஜன்னல் கம்பிக்குத் தாவி, அங்கிருந்து முருங்கை மரத்துக்குப் போய், "சக் சக்" என்று எங்களைத் திட்டியது. நானாகவே, தப்பு எங்களுடையது, வலையைச் சுருட்டிவிடுகிறோம் ஐயா என்றேன். நயினார் துண்டால் முகத்தைத் துடைத்தபடி மரத்தையே பார்த்தார். அப்புறம் சொன்னார்:

"உயிர் போகலையேம்மா, நாளைக்கும் வாங்க, இட்லி மட்டும் இனிமே தூக்குலதான் வரும்."

அந்தத் தூக்குவாளி இன்றும் தவறாமல் வருகிறது, அந்தக் கதிர்க்குருவி மட்டும் வளையமும் இல்லாமல் வழியும் சொல்லாமல் எங்கேயோ ஜாலியாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது.