தொண்டையில் வைத்த கை

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை காலையில் வாய் கொப்பளித்தேன். தண்ணீர் வலது ஓரமாக ஒழுகி ஜாக்கெட்டை நனைத்தது. கண்ணாடியைப் பார்த்தால்... பாதி முகம் என்னுடையது, மீதிப் பாதி யாருடையதோ! வலது கண் மூடவில்லை. சிரித்துப் பார்த்தேன் — இடது பக்கம் மட்டும் சிரித்தது.

பக்கவாதமோ என்று பதறிக்கொண்டு ஓடினேன். டாக்டர் நிதானமாகச் சோதித்துவிட்டு, முகத்துக்குப் போகிற நரம்பில் வீக்கம், பெரும்பாலும் சரியாகிவிடும் என்றார். மாத்திரை, கண்ணுக்குச் சொட்டு மருந்து, பலூன் ஊதுகிற பயிற்சி. எத்தனை நாளில் சரியாகும்? அதை மட்டும் அவர் சொல்லவில்லை.

நானோ தமிழ் டீச்சர். உதடு ஒட்டாவிட்டால் 'ப' வராது, 'ம' வராது. 'அம்மா' என்று சொல்ல முடியாதவள் என்ன தமிழ் நடத்துவது? எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் சிரிக்கவில்லை. ரொம்ப அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள். அதைத்தான் தாங்க முடியவில்லை. பெல் அடித்ததும் சத்துணவுக் கூடத்துப் பின்னால் போய் நின்று அழுதுவிட்டேன்.

அங்கே முட்டை எண்ணிக்கொண்டிருந்தார் எஸ்தர். எங்கள் பள்ளியின் சத்துணவு அமைப்பாளர். போன வருஷம்தான் எங்கள் மாவட்டத்திலேயே இருக்கிற மங்களூர் பக்கத்திலிருந்து மாற்றலாகி விருத்தாசலம் வந்தவர். அதிகம் பேசமாட்டார். என் முகத்தைப் பார்த்தார், விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். "தினமும் ஏழு மணிக்கு வூட்டுல ஜெபம் பண்ணுவோம் டீச்சர். ஒங்க பேரையும் சேத்துக்கறோம்" என்றார்.

நான் வெள்ளிக்கிழமை தவறாமல் பழமலைநாதர் கோயிலுக்குப் போகிறவள். இருந்தால் என்ன? நமக்காக ஒருவர் சாமியிடம் கேட்கிறேன் என்றால் வேண்டாம் என்று யாராவது சொல்வார்களா? தலையாட்டினேன்.

அதன்பிறகு எஸ்தர் தினமும் என்னைக் கண்ணை மூடச் சொல்லிப் பார்ப்பார். இன்னும் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று விரலால் காட்டுவார். ஐந்தாவது வாரம் கண் முழுசாக மூடியது. 'ப' வந்தது. 'ம' வந்தது. முதலில் எஸ்தரிடம்தான் ஓடிப்போய்ச் சொன்னேன். கையைக் கூப்பி, "ஸ்தோத்திரம்" என்றார். கண் கலங்கியிருந்தது.

அன்று மத்தியானம் ஸ்டாஃப் ரூமில் இதைச் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். கணக்கு டீச்சர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார் — எஸ்தரின் வீட்டுக்காரரைப் பற்றி உனக்குத் தெரியாதா?

தெரியாது.

தேவராஜ் என்று பெயராம். பீங்கான் பொம்மை செய்கிற ஒரு கம்பெனியில் சூளை வேலை பார்த்தவர். சர்ச்சில் மைக் இல்லாமலேயே பாடுவாராம், தெருக்கோடி வரை கேட்குமாம். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஸ்ட்ரோக் வந்தது. கால் ஓரளவு தேறிவிட்டது. பேச்சு போனது போனதுதான். எஸ்தர் ஆறு வருஷமாகத் தினமும் அவருக்காக ஜெபம் செய்கிறார்.

டிபன் பாக்ஸை மூடிவைத்துவிட்டேன். ஆறு வருஷமாகக் கேட்கிறவருக்குக் கிடைக்கவில்லை. நேற்று வந்த எனக்கு ஐந்தே வாரத்திலா? என்ன நியாயம் இது? டாக்டரைக் கேட்டால், என் வியாதி வேறு, அவர் வியாதி வேறு என்பார். சரிதான். ஆனால் எஸ்தருக்கு எப்படி இருக்கும்?

மனசு கேட்கவில்லை. மறுநாள் அவரிடமே போய், "ஒங்களுக்குக் கோவம் வரலையா?" என்று கேட்டுவிட்டேன்.

எஸ்தர் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டு சொன்னார்.

வந்ததாம். மூன்றாவது வருஷம். பிரசங்கம் செய்ய வெளியூரிலிருந்து வந்த ஊழியக்காரர் ஒருவர், உங்களுக்கு விசுவாசம் குறைவு, அதனால்தான் சுகம் கிடைக்கவில்லை என்று சபையில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாராம். வீட்டுக்கு வந்ததும் பைபிளை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார் எஸ்தர். இனி கேட்கமாட்டேன் என்று ஆண்டவரிடமே சொல்லிவிட்டாராம். ஆஸ்பத்திரிக்கும் பேச்சுப் பயிற்சிக்கும் மட்டும் கூட்டிக்கொண்டு போனார்.

அதுவரை தினமும் கணவரின் தொண்டையில் கை வைத்துத்தான் ஜெபம் செய்வாராம்.

"நாலு நாளு சும்மா இருந்தேன் டீச்சர். அஞ்சாம் நாளு ஏழு மணிக்கு அவரே பாயை விரிச்சாரு. என் பக்கத்துல உக்காந்தாரு. என் கையை எடுத்து அவரு தொண்டையில வச்சிக்கிட்டாரு. நான் இழுத்துக்கிட்டேன். மறுபடியும் எடுத்து வச்சிக்கிட்டாரு. அவரே விடல... நான் எப்படி விடறது?"

அன்றைக்கு ஜெபம் செய்ய வார்த்தை வரவில்லையாம். அழ மட்டும்தான் முடிந்ததாம். மறுநாளிலிருந்து பழையபடி ஆரம்பித்துவிட்டார்.

அந்த மனிதரைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆட்டோ பிடித்துப் போனேன். ஓட்டு வீடு. தேவராஜ் எழுந்து நின்று வரவேற்றார். என் முகத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். சிரித்துக் காட்டச் சொல்லிச் சைகை செய்தார். சிரித்தேன். இரண்டு பக்கமும் ஒழுங்காக இருக்கிறதா என்று எங்கள் டாக்டர்கூட அவ்வளவு கவனமாகப் பார்க்கவில்லை!

ஏழு மணிக்குப் பாயில் உட்கார்ந்தோம். எஸ்தர் அவர் தொண்டையில் கை வைத்து, பேச்சைத் திரும்பக் கொடும் என்று சாதாரணமாகக் கேட்டார் — முதல் நாள் கேட்பது மாதிரி. முடிந்தது என்று நினைத்து நான் எழுந்திருக்கப் போனேன். எஸ்தர் இருங்க என்று கையமர்த்தினார்.

தேவராஜ் கண்ணை மூடிக்கொண்டார். இடது கையை என் முகத்துக்கு நேராக நீட்டினார். உதடு அசைந்தது. சத்தமே இல்லை. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம்... நெற்றி வியர்க்க, எதையோ விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார்.

ஐந்து வாரமாக எனக்காகக் கேட்டது எஸ்தர் என்றுதானே நினைத்திருந்தேன்? எஸ்தர் தன் கணவருக்காகக் கேட்பார், மற்றவர்களுக்காகக் கேட்பது கணவர் — அந்த வீட்டு வழக்கம் அதுவாம். என் பேச்சுக்காக வேண்டிக்கொண்டது, பேச்சு இல்லாத மனிதர்.

வாசல்வரை வந்த எஸ்தரிடம், அவர் என்ன சொல்லி வேண்டிக்கொள்கிறார் என்று கேட்டேன்.

"எனக்குக் கேக்காது டீச்சர். கேக்க வேண்டியவருக்குக் கேக்குது" என்றார்.

தேவராஜ் இன்னும் பேசவில்லை. என் முகம் எதனால் சரியானது — மாத்திரையா, பலூனா, அந்த இடது கையா? எனக்குத் தெரியவில்லை. ஆனால் இப்போதெல்லாம் ஏழு மணிக்கு டி.வி. சத்தத்தைக் குறைத்துவிட்டு, தேவராஜுக்காக ஒரு நிமிஷம் கேட்டுக்கொள்கிறேன். எந்தச் சாமியிடம் என்று வீட்டில் கேட்டார்கள்...

காது கேட்கிற சாமியிடம்!