மேப்பிள் மிட்டாயும் என் முழங்கையும்

கனடாவில் இருக்கும் மகள், தோழி மூலம் ஒரு பாட்டில் மேப்பிள் சிரப் கொடுத்தனுப்பியிருந்தாள்; மேப்பிள் மரத்தின் சாற்றைக் காய்ச்சி எடுக்கும் இனிப்புப் பாகு. அதைக் கொதிக்கவைத்து ஆறவிட்டால் மிட்டாய் ஆகும் என்று படித்தேன். படித்துவிட்டால் எனக்கு எல்லாம் தெரிந்த மாதிரிதான். வெந்நீர் வைக்க மட்டும் மனைவியைக் கூப்பிடுவேன்.

அன்று காலை லாஸ்பேட்டை வீட்டில், தெர்மாமீட்டரும் கையுமாக அடுப்பின் முன் நின்றேன். பாகு நுரைத்துப் பாத்திரத்தின் விளிம்பு வரை ஏறியது. மனைவி ஸ்பூனில் வெண்ணெயோடு ஓடிவந்தாள்.

"ஏங்க, பொங்குது! துளி வெண்ணெ வுட்டா அடங்கிடும்."

"இது உன் அதிரசப் பாகு இல்ல. நகரு."

சொன்னதோடு நிற்காமல் முழங்கையாலும் தள்ளினேன். அது பாத்திரத்தின் பிடியில் பட்டு, கொதிக்கும் பாகு அவள் புறங்கையில் கவிழ்ந்தது. தண்ணீரென்றால் வழிந்து ஓடியிருக்கும், பாகு ஒட்டிக்கொண்டது. அவள் கத்தவில்லை. மூச்சை மட்டும் உள்ளே இழுத்தாள். குழாயைத் திறந்து அவள் கையை அடியில் பிடித்தேன்.

அப்போது பார்த்து மகள் போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டேன்.

"அப்பா, மிட்டாய் செய்யப்போறேன்னீங்களே, நல்லா வந்துச்சா?"

நான் வாய் திறப்பதற்குள் மனைவி சொன்னாள்: "நாந்தாம்மா குறுக்க போயி கையில ஊத்திக்கிட்டேன். ஆஸ்பத்திரிக்குக் கெளம்பறோம்."

"என்னம்மா நீ! அப்பா அடுப்புகிட்ட நிக்கறப்ப எதுக்குக் குறுக்க போற?"

மறுத்துச் சொல்ல ஒரு நொடி போதும். நான் ஸ்கூட்டர் சாவியைத் தேடுவதுபோல் திரும்பிக்கொண்டேன். சாவி என் கையிலேயே இருந்தது.

புண் ஆறிவிட்டது. மகள் இன்னும் அம்மாவுக்குத்தான் புத்தி சொல்கிறாள். நான் எழுதுவதை அவள் ஒன்று விடாமல் படிப்பாள். நேரில் சொல்லத் தைரியம் வராததால் இங்கே எழுதுகிறேன்.